எரிந்த சுவரை என்ன செய்வது?



இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இந்த நேரத்திலே இன்று நான் ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கட்டடங்களைப் பற்றிப் பேசப் பொறியியலாளர் இருக்கிறார்கள். தமிழாசிரியனுக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் நான் எடுத்துக்கொண்ட கட்டடம் யாழ்ப்பாணம் பொது நூலகம். அது எரிந்தபின் எஞ்சி நின்ற கரிந்த சுவர்களை என்ன செய்வது என்று எம்மவரிடையே இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வாதம் நடந்தது. இடித்துவிடுவதா, அப்படியே விட்டுவைப்பதா, பழையபடி எழுப்புவதா? அந்த வாதத்தின் வரலாற்றையும், அதிலே என் கருத்து மாறிய விதத்தையும் சொல்வதே இன்றைய உரையின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர் சிலரை நூலகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஈழத்து இலக்கிய வரலாறு படிக்கும் பிள்ளைகள். வாசலில் வீற்றிருக்கும் சரஸ்வதி சிலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, 1981 இல் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்து, வெள்ளை வெளேரென்று நின்ற கட்டடத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"சேர், எரிஞ்சது இந்தக் கட்டடமோ? இல்லாட்டில் இதுக்கு முந்தி வேறை ஒண்டு இருந்ததோ?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. "இதுதான்" என்றேன். அவன் தலையாட்டினான். ஆனால் அவன் முகத்தில் நம்பிய குறி இல்லை. அவன் மீது பிழை சொல்ல முடியாது. அவன் கண்முன் நின்ற சுவரிலே கரி இல்லை, வெடிப்பு இல்லை, சன்னம் துளைத்த அடையாளம் இல்லை. அன்றிரவு வீடு திரும்பியும் அவன் கேள்வி என்னை விடவில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

இந்த நூலகத்தின் தோற்றம் மிக எளிமையானது. நீதிமன்றச் செயலாளராகப் பணியாற்றிய கே. எம். செல்லப்பா என்பார் 1933 ஆம் ஆண்டில் தம் வீட்டிலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். எல்லோருக்கும் இலவசமாகப் பயன்படக்கூடிய ஒரு நூல்நிலையம் யாழ்ப்பாணத்துக்கு வேண்டும் என்று அவர் விடுத்த வேண்டுகோளுக்குக் கற்றோர் பலர் செவிசாய்த்தனர். 1934 இல் ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையிலே, ஆயிரத்தை எட்டாத நூல்களோடு நூலகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு அது நகர சபையின் பொறுப்புக்கு வந்தது.

நூல்கள் பெருகின. அறை போதவில்லை. 1950 களின் தொடக்கத்திலே மாநகர முதல்வர் சாம் சபாபதி, புனித பத்திரிசியார் கல்லூரியின் லோங் அடிகளார் முதலியோர் முன்னின்று, நகரின் நடுவே ஒரு தகுந்த கட்டடம் எழுப்ப முனைந்தனர். கார்னிவல் நடத்திப் பணம் சேர்த்தார்கள். இந்தியாவின் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனை பெறப்பட்டது. சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிட மரபைத் தழுவிக் கட்டடத்தை வரைந்தார். 1954 மார்ச் 29 ஆந் திகதி அடிக்கல் நாட்டப்பட்டது. 1959 ஒக்டோபர் 11 ஆந் திகதி அன்றைய முதல்வர் அல்பிரட் துரையப்பா அதைத் திறந்து வைத்தார். 1967 இல் சிறுவர் பகுதியும் சேர்ந்தது. ஆனந்த குமாரசுவாமி, ஐசாக் தம்பையா, கு. வன்னியசிங்கம், முதலியார் குல. சபாநாதன் போன்றோரின் நூற்சேர்க்கைகளும் அங்கே வந்து குவிந்தன. ஏட்டுச் சுவடிகளும் வந்தன.

அரசன் கட்டிய மாளிகை அல்ல அது. வெள்ளைக்காரன் விட்டுச் சென்றதும் அல்ல. வீட்டிலிருந்து ஒருவர் இரவல் கொடுத்த புத்தகத்திலே தொடங்கி, ஊரார் கொடுத்த காசிலே எழும்பியது. பின்னர் வந்த வாதத்தின் சூட்டுக்குக் காரணம் இதிலேதான் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் அதிலே ஒரு கல்லின் உரிமை இருந்தது.

1981 ஜூன் 4 ஆந் திகதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடக்கவிருந்தது. மே 31 ஆந் திகதி தமிழர் விடுதலைக் கூட்டணியின் கூட்டம் நடந்த இடத்தருகே பொலிசார் சுடப்பட்டனர். அன்றிரவு பொலிசார் நகரிலே வெறியாட்டம் ஆடினர். கடைகள், கூட்டணியின் அலுவலகம், நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடு, 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகம் என்று தீ பரவியது. தேர்தல் கடமைக்கென வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட பொலிசாரும் காடையரும் நகரில் நிறைந்திருந்த அந்த நாட்களிலேதான் நூலகமும் கொளுத்தப்பட்டது. தொண்ணூற்றேழாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. பன்மொழிப் புலவரான தாவீது அடிகளார் அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியிலேயே உயிர் நீத்தார். சில காலத்துக்குள் எம். ஏ. நுஃமான் 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையை எழுதினார். சுவர் இன்று சொல்லாத செய்தியை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருப்பவற்றுள் அக்கவிதையும் ஒன்று.

அப்போது எனக்கு ஒரு வயது. தீயை நான் காணவில்லை. ஆனால் எங்கள் வீட்டிலே அந்த நூலகத்தின் ஒரு நூல் இருந்தது.

என் தந்தையார் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். 1981 மே 26 ஆந் திகதி அவர் விபுலாநந்த அடிகளின் 'மதங்க சூளாமணி'யை இரவல் எடுத்து வந்திருந்தார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் தமிழ் நாடக மரபையும் ஒப்புநோக்கி அடிகள் எழுதிய நூல். 1926 இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. பின்னட்டையின் உட்புறத்தில் ஒட்டியிருந்த தாளிலே, திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் ஜூன் 9 என்று முத்திரை குத்தப்பட்டிருந்தது. அந்த நாள் வந்தபோது திருப்பிக் கொடுக்க நூலகம் இல்லை. நூல் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. இரவல் போனதால் பிழைத்த நூல் என்று அப்பா அதைச் சொல்வார்.

எரிந்த கட்டடத்தைப் பற்றிய வாதம் சாம்பர் ஆறுமுன்னரே தொடங்கிவிட்டது. 'இந்தக் கரிந்த சுவரை யாரும் தொடக்கூடாது. இதுவே சாட்சி. பக்கத்திலே புதிதாக ஒன்று கட்டுவோம்' என்றனர் ஒரு சாரார். 'படிக்கிற பிள்ளைக்குச் சாட்சி வேண்டாம், புத்தகம் வேண்டும். எரித்தவன் வெல்லவில்லை என்று காட்ட வேண்டுமானால் அதே இடத்தில் அதே கட்டடம் எழ வேண்டும்' என்றனர் மறு சாரார். இரண்டு பக்கத்திலும் அறிஞர் இருந்தனர். இரண்டு பக்கத்திலும் துயரம் இருந்தது. 1982 இல் நூலக வாரம் நடத்தி ஆயிரக்கணக்கான நூல்களைச் சேர்த்தார்கள். திருத்த வேலைகளில் கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா பெரும் பங்கெடுத்தார். 'குத்துவிளக்கு' திரைப்படத்தைத் தயாரித்தவரும் அவரே. 1984 ஜூனில் ஒரு பகுதி வாசகர்களுக்குத் திறக்கப்பட்டது.

ஆனால் போர் வாதத்துக்கு இடம் வைக்கவில்லை. கோட்டையிலே இராணுவம், அதற்கு எதிரே நூலகம். 1985 இல் அருகிலிருந்த பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டபின், படையினர் நூலகத்துள் புகுந்து குண்டு வைத்தனர். புதிதாகச் சேர்த்த நூல்களும் சிதறின. அதன்பின் ஷெல்லும் சன்னமும் சுவர்களைத் துளைத்தன.

நான் அந்தக் கட்டடத்தை முதன்முதல் கண்டது 1990 களின் முற்பகுதியில். கோட்டைச் சமர் முடிந்திருந்தது. கோட்டைக்குள்ளே 1706 இல் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம் அந்தச் சமரிலே கற்குவியலாகியிருந்தது. அப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு முனியப்பர் கோயிலுக்குப் போனவர், திரும்பும்போது நூலகத்தின் முன்னே நிறுத்தினார். கூரை இல்லாத மண்டபத்துக்குள்ளே வானம் தெரிந்தது. வெடிப்புகளிலே ஆலங்கன்று முளைத்திருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பத்துப் பதினொரு வயதுப் பையனுக்கு விளங்க வேண்டிய அனைத்தையும் அந்தச் சுவர் சொல்லிற்று. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது, உடுப்புப் பையோடு அப்பா எடுத்துக்கொண்ட இரண்டு மூன்று நூல்களுள் 'மதங்க சூளாமணி'யும் ஒன்று. சாவகச்சேரிக்குப் போய், மறு ஆண்டு எங்களோடு திரும்பி வந்தது.

1998 இல் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவின் அரசாங்கம் நூலகத்தை மீளக் கட்டத் தொடங்கியது. வெண்தாமரை இயக்கம் ஆளுக்கொரு நூலும் ஒரு செங்கல்லும் தாருங்கள் என்று தென்னிலங்கை மக்களிடம் கேட்டது. பழைய வாதம் மறுபடி எழுந்தது. இம்முறை இன்னும் கூர்மையாக. 'எரித்தவர்கள் யாரென்று விசாரணையும் இல்லை, தண்டனையும் இல்லை. அதற்குள் சுவருக்கு வெள்ளை அடிப்பது குற்றத்தின் தடயத்தை அழிப்பதாகும்' என்று எழுதினார்கள். 'ஒரு தலைமுறையே நூலகம் இல்லாமல் வளர்ந்துவிட்டது. இன்னொரு தலைமுறையையும் சாட்சிக்காகப் பட்டினி போடப் போகிறோமா' என்று கேட்டார்கள். அப்போது நான் முதற் கட்சி. பல்கலைக்கழகத்திலே நண்பர்களோடு மணிக்கணக்காக வாதாடியிருக்கிறேன்.

என் கட்சிக்கு நான் எடுத்துக்காட்டாகச் சொன்னவை இரண்டு நகரங்கள். ஒன்று ஹிரோஷிமா. செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் லெட்ஸல் வரைந்து 1915 இல் கட்டிய கண்காட்சி மண்டபம் அணுகுண்டுக்குப் பின் எலும்புக்கூடாக நின்றது. அதை இடித்துவிட வேண்டும், பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கொதிக்கிறது என்று அந்நகரத்தவரே பலர் சொன்னார்கள். கதிர்வீச்சின் நோயால் 1960 இல் இறந்த ஒரு பாடசாலை மாணவியின் நாட்குறிப்பு, அதைக் காக்கும் இயக்கத்துக்கு வித்தாயிற்று. 1966 இல் நகர சபை அதை என்றென்றும் காப்பது என்று தீர்மானித்தது. 1996 இல் அது உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. மற்றது பேர்லின். 1943 இல் குண்டு விழுந்த கைசர் வில்ஹெல்ம் தேவாலயத்தின் எச்சத்தை இடித்துவிட்டுப் புதியது கட்டவே எய்யர்மான் என்ற கட்டடக் கலைஞர் முதலில் திட்டமிட்டார். நகர மக்கள் கொதித்தெழுந்தனர். ஆகவே உடைந்த கோபுரத்தை விட்டு, அதன் பக்கத்திலே புதிய தேவாலயத்தை 1961 இல் முடித்தார்கள்.

என் வாதத்திலே ஒரு குறை இருந்ததை அப்போது நான் காணவில்லை. ஹிரோஷிமாவில் அந்த எலும்புக்கூட்டைக் காக்க நகர சபை 1967 முதல் திரும்பத் திரும்பப் பணம் செலவிட்டு உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. சிதைவு தானாக நிற்பதில்லை. கூரை போன கட்டடத்துள் மழை இறங்கும். இரும்புக் கம்பி துருவேறிப் பருத்துச் சீமெந்தைப் பிளக்கும். ஆலும் அரசும் வேரோடும். அப்படியே விட்டுவைத்தல் என்பதும் ஒரு கட்டட வேலைதான். பேர்லினிலோ புதிய தேவாலயம் பக்கத்திலேயே இருந்தது. எமக்குப் போர் நடந்துகொண்டிருந்தது. சிதைவைக் காக்கவும் வழியில்லை, பக்கத்தில் புதிது கட்டவும் வழியில்லை.

கட்டடம் பழைய நரசிம்மன் வடிவிலேயே எழுந்தது. 2003 பெப்ரவரியில் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். விடுதலைப் புலிகள் எதிர்த்தனர். அந்த நெருக்குதலைக் கண்டித்து, முதல்வர் செல்லன் கந்தையன் தலைமையிலான மாநகர சபையினர் பதவி விலகினர். பிற்பாடு பெருவிழா எதுவுமின்றி, நூலகம் வாசகர்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

திறந்த சில வாரங்களில் அப்பா 'மதங்க சூளாமணி'யை எடுத்து, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றினார். எங்கே கொண்டு போகிறீர்கள் என்று கேட்டேன்.

"நூலகத்துக்கு. கனக்கப் பிந்திப் போச்சு" என்றார்.

நான் தடுத்தேன். அந்த முத்திரையும் திகதியும் உள்ள நூல் எத்தனை வீட்டில் இருக்கும்? இது சாட்சி, வீட்டிலே பத்திரமாக வைத்திருப்போம் என்றேன். கட்டடத்துக்குச் சொன்ன அதே நியாயத்தை நூலுக்கும் சொன்னேன்.

அப்பா கோபிக்கவில்லை. "தம்பி, இது வாசிக்கத் தந்த புத்தகம். பூட்டி வைச்சுக் கும்பிடத் தந்ததில்லை. நான் இதை இருபத்திரண்டு வரியமாய் வைச்சிருக்கிறன். இன்னொருத்தன் வாசிக்க வேண்டாமோ?" என்றார்.

எனக்கு மறுமொழி இல்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. கடைசியில் ஒன்று கேட்டேன்: கொடுப்பதென்றால், ஏன் பிந்தியது என்று எழுதிக் கொடுப்போம். அப்பா சம்மதித்தார். ஒரு தாளிலே தம் அழகான கையெழுத்தில், இந்நூல் எப்போது எடுக்கப்பட்டது, எந்நாள் கொடுக்கப்பட வேண்டியிருந்தது, ஏன் கொடுக்கப்படவில்லை, எங்கெங்கு போய் வந்தது என்பவற்றை ஏழெட்டு வரிகளில் எழுதி, முன்னட்டையின் உட்புறத்தில் ஒட்டினார். அதன் பின்னரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அன்று எனக்கு அது ஒரு சமரசமாகத்தான் தெரிந்தது. மாணவன் கேட்ட கேள்விக்குப் பின்னரே அதன் பெறுமதி விளங்கியது. நாம் இருபது ஆண்டு வாதாடியது சுவரைப் பற்றி. இடிப்பவன், விடுபவன், மீட்பவன் என்று மூன்று கட்சியாக நின்றோம். மீட்டபின் என்ன எழுதி வைப்பது, யார் சொல்லிக் கொடுப்பது என்ற கேள்வியை எந்தக் கட்சியும் போதிய அளவு கேட்கவில்லை. விட்டுவைத்திருந்தால் சுவரே சொல்லியிருக்கும். மீட்டதால், சொல்லும் பொறுப்பு சுவரை விட்டு எம்மிடம் வந்துவிட்டது. அதைப் பெற்றுக்கொண்டதை நாங்கள் உணரவில்லை.

சரயேவோ நகரின் நூலகமும் எங்களுடையதைப் போல எரிக்கப்பட்டதே. 1992 ஆகஸ்ட் 25 ஆந் திகதி இரவு ஷெல் வீச்சிலே அது பற்றிக்கொண்டது. எங்கள் நூலகத்தைப் போலவே அதையும் பழைய வடிவிலே கட்டி, 2014 மே மாதம் திறந்தார்கள். ஆனால் அதன் வாசலிலே ஒரு கல் இருக்கிறது. எந்த இரவு, யார் எரித்தார், எவ்வளவு நூல்கள் அழிந்தன என்று அதிலே பொறித்திருக்கிறார்கள். அந்த வாசகத்தின் சொற்களைப் பற்றி அங்கும் சச்சரவு உண்டு. ஆயினும் அங்கே ஒரு மாணவன் எரிந்தது இந்தக் கட்டடமா என்று ஆசிரியரிடம் கேட்க வேண்டியதில்லை.

இங்கே 2016 டிசம்பரில் அன்றைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க நாடாளுமன்றத்திலே நூலக எரிப்புக்கு வருத்தம் தெரிவித்தார். நல்லது. ஆனால் நாடாளுமன்றப் பேச்சு ஏட்டில் இருக்கும். பிள்ளை நிற்பது நூலக வாசலிலே. 'ஈழநாடு' எரிந்ததும், தாவீது அடிகள் மறைந்ததும், 1985 இல் மறுபடி நூல்கள் சிதறியதும், அவனுக்கு அந்த இடத்திலேயே தெரிய வேண்டும். அதைவிட முக்கியமான வேலை ஒன்றும் உண்டு. எரிந்தவை எவை என்ற பட்டியல். அந்த நூலகத்திலே இருந்து படித்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்த அலுமாரியில் எந்த நூலைக் கண்டோம் என்று அவர்களால் சொல்ல முடியும். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலக முயற்சி, நம் நூல்களையும் இதழ்களையும் ஆயிரக்கணக்கில் காத்துத் தருகிறது. இருப்பதைக் காப்பதோடு, இல்லாமற் போனதையும் பெயர் சொல்லி எழுதி வைப்போமானால் அதுவும் ஒரு மீள்கட்டுமானம் ஆகும்.

இன்று யாராவது என்னிடம், அந்தச் சுவருக்கு வெள்ளை அடித்தது சரியா என்று கேட்டால், சரி என்பேன். பிள்ளைகள் அங்கே இருந்து படிக்கிறார்கள். அதைவிட வேறு நியாயம் வேண்டியதில்லை. இழந்தது ஒன்றும் இல்லையா என்று கேட்டால், உண்டு என்பேன். பத்து வயதில் எனக்குச் சுவர் சொன்னதை என் மாணவனுக்கு நான் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. சுவர் சொன்ன அளவுக்கு என்னால் சொல்ல முடிவதில்லை.

அப்பா இப்போது இல்லை. அந்த மாணவன் கேள்வி கேட்ட மறுவாரம் அதே பிள்ளைகளை மறுபடி நூலகத்துக்குக் கூட்டிச் சென்றேன். 'மதங்க சூளாமணி'யைக் கேட்டு வாங்கி, அட்டையைத் திறந்து, கேள்வி கேட்டவன் கையிலே கொடுத்தேன். ஒட்டிய தாளை அவன் வாய்விட்டு வாசித்தான். பின்னட்டையைத் திருப்பி, ஜூன் 9 என்ற முத்திரையையும் பார்த்தான். பிறகு எழுந்துபோய், வெளியே நின்று கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.